பனியன் துணிப் பொம்மையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும்

2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென்று செய்த எந்தப் பொருளையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் இந்தியாவில் விற்கக் கூடாது. லட்சக்கணக்கில் பிளாஸ்டிக் கார் வார்க்கும் தொழிற்சாலைக்கும் இதே ஆணைதான். திருப்பூரில் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் கட்டிங் துணியில் பொம்மை தைக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் இதே ஆணைதான். சில விலக்குகள் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிற பெண்கள் பலர், "அக்கா, பொம்மை செய்ய லைசென்ஸ் வாங்கணுமாமே, நிஜமா?" என்று கேட்கிறார்கள். போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் நான் படித்தது, அலைந்தது, செய்து பார்த்தது எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த ஆணை வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். குழந்தை உடுப்பில் ஒரு பிரஸ் பட்டன் தளர்ந்திருந்தால் மொத்த லாட்டும் திரும்பி வரும். வெளிநாட்டுக் குழந்தைக்கு அவ்வளவு பார்த்துப் பார்த்து அனுப்பிய அதே ஊரின் சந்தையில், நம் குழந்தைகளுக்கு மட்டும் பெயின்ட் உரியும் கிலுகிலுப்பை விற்றுக்கொண்டிருந்தது. 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் சந்தையில் இருந்த இறக்குமதிப் பொம்மைகளை எடுத்துச் சோதித்தபோது ஏறக்குறைய 67 சதவீதம் தேறவில்லை. அதற்கு அப்புறம்தான் 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. செப்டம்பரில் அமலாக வேண்டியதைத் தள்ளிப்போட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தேவையான ஆணைதான். ஆனால் அதை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது தொழிற்சாலை. வீட்டில் இருந்து செய்கிறவர்களின் நினைப்பு அப்புறம்தான் வந்திருக்கிறது.

உரிமம் வாங்குவது என்றால் என்னவென்று விசாரித்தேன். இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., உற்பத்தி செய்யும் இடத்துக்குத்தான் உரிமம் தருகிறது. அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பார், மாதிரியை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். எந்தெந்தச் சோதனையை எவ்வளவு உற்பத்திக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் இருக்கிறது, அதன்படி பதிவேடு வைக்க வேண்டும். துணிப் பொம்மை, மரப் பொம்மை போன்ற மின்சாரம் இல்லாதவற்றுக்கு ஐ.எஸ். 9873 என்ற தரம், அதில் பல பகுதிகள். பேட்டரி போட்ட பொம்மைக்கு ஐ.எஸ். 15644. விண்ணப்பக் கட்டணம் நம்மைப் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. பயமுறுத்துவது சோதனைச் செலவும், சொந்தமாக ஆய்வு வசதி வேண்டும் என்ற நிபந்தனையும்தான். குறுந்தொழில்களுக்கு அந்த நிபந்தனையை ஓராண்டுக்குத் தளர்த்தினார்கள், பிறகு நீட்டித்தார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை போடுவதற்கான குறைந்தபட்சக் கட்டணத்தில் குறுந்தொழில்களுக்கு 80 சதவீதம் சலுகையும் உண்டு. அதற்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, வேண்டும். அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இடையில் ஆள் வைத்துச் செய்யாதீர்கள், ஆதார் இருந்தால் நாமே போனில் செய்துவிடலாம்.

இவ்வளவு சலுகைக்குப் பிறகும் கணக்கு உதைத்தது. தொழிற்சாலை ஒரே மாதிரி கரடியை ஆயிரக்கணக்கில் செய்யும். சோதனைச் செலவு ஒரு கரடிக்குச் சில காசுகள்தான் வரும். நான் ஒரு வாரம் யானை தைப்பேன், அடுத்த வாரம் துணிப் புத்தகம், அதற்கடுத்து யாரோ கேட்டார்கள் என்று மயில். கையில் கிடைக்கும் துணியைப் பொறுத்துத்தான் வேலை. துணி மாறினால், சாயம் மாறினால், சோதனையும் மாற வேண்டும். வீட்டுத் தொழிலின் அழகே இந்த மாற்றம்தான். சோதனைக் கணக்கில் அதுவே நமக்கு எதிராக நிற்கிறது.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். அமெரிக்காவில் 2008-இல் இதே மாதிரி கடுமையான சட்டம் வந்தது. வீட்டில் இருந்து செய்தவர்கள் பெரிய அளவில் குரல் கொடுத்தார்கள். 2011-இல் திருத்தினார்கள். ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் டாலருக்குள், ஒரே பொருள் 7,500 எண்ணத்துக்குள் என்றால் அவர்கள் சிறு உற்பத்தியாளர் என்று பதிவு செய்துகொள்ளலாம், சில சோதனைகளை வெளி ஆய்வகத்தில் செய்ய வேண்டியதில்லை என்றார்கள். டாலர் வரம்பைப் பிற்பாடு உயர்த்தியும் இருக்கிறார்கள். கவனியுங்கள், பெயின்டில் ஈயம், தொண்டையில் சிக்கும் சிறு பாகம் இரண்டுக்கும் அங்கேயும் யாருக்கும் விலக்கு இல்லை. ஐரோப்பாவில் தரத்தை முழுமையாகப் பின்பற்றிச் சோதித்து ஆவணம் வைத்திருந்தால், பெரும்பாலான பொம்மைகளுக்குத் தயாரிப்பாளரே உறுதிமொழி கொடுத்துவிடலாம். தரத்தைக் குறைக்காமல் வழியை மட்டும் எளிதாக்க முடியும் என்பதற்கு இவை போதும்.

நம் ஊரில் கிடைத்தது வேறு மாதிரி விலக்கு. 2020 டிசம்பரில் ஆணையைத் திருத்தினார்கள். ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொருளுக்கு இந்த ஆணை பொருந்தாது. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை, அந்தக் குறியீட்டில் பதிவு பெற்ற பயனாளர்கள் செய்து விற்றாலும் பொருந்தாது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, சென்னபட்டணா மரப் பொம்மை எல்லாம் இரண்டாவது வகையில் வரும். என்னைப் போல நேற்று ஆரம்பித்தவர்களுக்கு முதல் வழிதான்.

அந்தப் பதிவுக்குத் தரும் அட்டைக்குப் பெஹசான் அட்டை என்று பெயர். விண்ணப்பித்தால் நம் கையால் செய்து காட்டச் சொல்வார்கள். நான் பொம்மையின் முகத்தை ஊசியால் பின்னி, நூல் முடி வைத்துக் காட்டினேன். மெஷினில் உடம்பு தைத்ததைக் காட்டுவதை விட இது முக்கியம், கைவேலை எது என்றுதான் பார்க்கிறார்கள். இன்னொன்று, அட்டை ஆளுக்குத்தான், வீட்டுக்கோ கடைப் பெயருக்கோ இல்லை. என்னோடு தைக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அவர் தங்கைக்கும் தனித்தனியாக எடுத்தோம். "நீ வெச்சிருக்கறே இல்ல கண்ணு, எனக்கு எதுக்கு?" என்று அக்கா கேட்டார். நாளைக்கு அவர் தனியாக விற்க நினைத்தால் அவர் பெயரில் அட்டை இருக்க வேண்டும் இல்லையா?

அட்டை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2023 ஜனவரியில் நாடு முழுவதும் பெரிய கடைகளில் பி.ஐ.எஸ். சோதனை நடத்தி 18,600 பொம்மைகளைக் கைப்பற்றிய செய்தி வந்தது. அதற்குப் பின் நான் வழக்கமாகப் பொம்மை கொடுத்த ஒரு கடையில், "அம்மிணி, முத்திரை இல்லாத சரக்கை வெச்சா நாளைக்கு என்னைத்தானுங்க பிடிப்பாங்க" என்று கடைக்கார அண்ணன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். அட்டையைக் காட்டினேன். "செஞ்சு விக்கற கைவினைஞருக்குன்னுதானே இதுல போட்டிருக்குது? விக்கறது நானு, நீங்க இல்லீங்களே" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பி.ஐ.எஸ். சட்டப்படி முதல் குற்றத்துக்கே குறைந்தது இரண்டு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. எண்பது ரூபாய் லாபத்துக்கு யார் அந்த ஆபத்தை எடுப்பார்கள்? ஒரு ஆன்லைன் தளத்திலும் என் பொம்மைகளை இறக்கிவிட்டார்கள். அட்டையின் நகலை அனுப்பி, என் பெயரிலேயே விற்பனையாளர் கணக்கு இருப்பதைக் காட்டிய பிறகுதான் திரும்ப ஏறியது. ஆகவே கண்காட்சி, வாட்ஸாப், சொந்தக் கணக்கு என்று நேரடியாக விற்பதுதான் அட்டைக்காரர்களுக்குப் பாதுகாப்பு. கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும், எண்ணிக்கை பெருகுகிறது என்றால் உரிமத்துக்கு இப்போதே திட்டமிடுங்கள்.

சிலர் வேறு யோசனை சொல்வார்கள். "அலங்காரத்துக்கு மட்டும்னு லேபிள் ஒட்டிடுங்க." கொலுப் படியில் வைக்கும் மண்பொம்மை காட்சிப் பொருள், சரி. கட்டிப்பிடித்துத் தூங்க வைக்கும் துணி முயலில் அப்படி எழுதினால் யார் நம்புவார்கள்? "மூன்று வயதுக்கு மேல்" என்று போட்டுவிட்டால் சிறு பாகச் சோதனையில் இருந்து தப்பிக்கலாம் என்பதும் அப்படித்தான். மெத்தென்று, அணைத்துக்கொள்ள வாகாக இருக்கும் பொம்மையை எந்த ஆய்வகமும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கானதாகவே எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளவும் வேண்டும். வீட்டில் பெரியவனுக்கு வாங்கியதைச் சின்னது வாயில் வைக்காமலா இருக்கும்?

இதில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது, அட்டை இருப்பதால் சட்டம் நம்மை விடுகிறதே தவிர, துணிப் பொம்மையில் இருந்து பிய்ந்து வரும் பொத்தான் குழந்தையை விடாது. அட்டை கிடைத்ததும் தரத்தை மறந்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த ஐ.எஸ். 9873-இல் இருக்கிற பல விஷயங்களை நம் சமையலறை மேசையிலேயே செய்து பார்க்கலாம். ஆய்வகச் சோதனைக்கு அது ஈடாகாது, ஆனால் தப்பான பொம்மையை வாசலைத் தாண்டவிடாமல் நிறுத்திவிடும்.

சிறு பாகச் சோதனைக்கு ஒரு உருளை. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பக்கம் சாய்வாக, ஒரு புறம் 25.4 மில்லிமீட்டர் ஆழம், மறுபுறம் 57.1. பொம்மையோ அதில் இருந்து கழன்று வரும் எதுவுமோ எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அமுக்காமல் இதற்குள் முழுதாக அடங்கினால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. அந்த உருளை விலைக்குக் கிடைக்கிறது. பழைய போட்டோ ஃபிலிம் டப்பா ஏறக்குறைய அந்த அகலம், அவசரத்துக்கு உதவும்.

எது கழன்று வரும் என்று பார்க்க இழுவைச் சோதனை. ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பாகத்தை 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பத்து நொடி நிறுத்த வேண்டும். தையலுக்கு 70 நியூட்டன். நம் கணக்கில் ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல், ஏழு கிலோவுக்குச் சற்று மேல். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் செய்வது இப்படி: பொம்மையை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, பொத்தான் கண்ணைச் சின்னக் கவ்வியால் பிடித்து, தராசின் கொக்கியை அதில் மாட்டி மெதுவாக இழுப்பேன். எட்டு கிலோ வரும்போதே பனியன் துணி முனக ஆரம்பிக்கும். கவனித்தால் அறுவது நூல் இல்லை. நூல் அப்படியே இருக்கும், அதைச் சுற்றியுள்ள துணியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, பொத்தான் ஒரு ஓட்டையோடு கையில் வந்துவிடும். நெசவுத் துணியில் தாங்குகிற பொத்தான் பின்னல் துணியில் தாங்காது. உள்பக்கம் ஃப்யூசிங், அதாவது இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் உள்துணி, ஒட்டித் தைத்தால் ஓரளவு நிற்கும். நான் பொத்தானையே விட்டுவிட்டேன். கண், மூக்கு, வாய் எல்லாம் நூல் வேலை. இழுக்க ஒன்றும் இல்லையென்றால் கழலவும் ஒன்றும் இல்லை. சமிக்கி, மணி, கல் எல்லாவற்றுக்கும் இதே முடிவுதான்.

தையலில், ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் ஓவர்லாக் மட்டும் போட்டு பஞ்சு அடைக்காதீர்கள். முதலில் பவர் மெஷினில் லாக் தையல், அப்புறம் ஓரத்தில் ஓவர்லாக். பஞ்சு அடைத்து மூடுகிற அந்த இரண்டங்குல வாய்தான் எப்போதும் முதலில் பிளக்கும் இடம், அதைக் கையால் இரண்டு முறை ஏறித் தைக்க வேண்டும். உள்ளே சலங்கை வைப்பதாக இருந்தால் அதற்குத் தனிப் பை, அந்தப் பையின் தையலும் ஏழு கிலோ தாங்க வேண்டும். கிலுகிலுப்பை என்றால் அதன் முனை குழந்தையின் தொண்டைக்குள் இறங்காத அளவில் இருக்கிறதா என்று பார்க்கத் தனி அச்சு உண்டு. அது கையில் இல்லாமல் நான் கிலுகிலுப்பை செய்வதில்லை.

ஊசி விஷயத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனிப் பழக்கம் ஒன்றை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும். கிடைத்த துண்டுகளை ஒரு நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி, ஊசி முழுசாகச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி. சேரவில்லை என்றால் அப்போது கையில் இருந்த பொம்மை வெளியே போகாது. காந்தத்தை வைத்துத் தடவுவதும் நல்லது. பஞ்சுக்குள் போன கால் அங்குல ஊசி நுனியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

துணி திருப்பூர்க்காரர்களுக்குச் சல்லிசாகக் கிடைப்பதுதான் பலம், அதுவே கவனிக்க வேண்டிய இடமும். கட்டிங் வேஸ்டில் மார்புப் பிரின்ட் போட்ட துண்டுகள் வரும். தொட்டால் ரப்பர் போல வழவழப்பாக, தடிமனாக இருக்கும் பிரின்ட் பெரும்பாலும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் கலந்த மை. அதை மென்மையாக்கத் தாலேட் வகை ரசாயனங்கள் சேர்ப்பதுண்டு, குழந்தை வாயில் வைக்கும் பொருளில் அவற்றுக்குத் தரத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. எந்த மை என்று தெரியாத பிரின்ட் துணியை நான் பொம்மைக்கு எடுப்பதே இல்லை. எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சிய பிளெய்ன் துணியாகப் பார்த்து வாங்கி, அந்த ஆர்டருக்கான சாயச் சோதனை அறிக்கையின் நகலைக் கேட்பேன். எல்லோரும் தர மாட்டார்கள். தருகிறவரிடம்தான் மறுமுறை போவேன். பஞ்சும் அப்படித்தான். மூட்டையில் விலை குறைவாக வரும் பழைய துணிப் பஞ்சு வேண்டாம், அதில் என்ன அரைபட்டது என்று யாருக்கும் தெரியாது.

மரத்தில் சொப்புச் சாமான், நடைவண்டி செய்கிறவர்களுக்குப் பெயின்ட்தான் உயிர். பொம்மைப் பூச்சில் இருந்து கரைந்து வரும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, காட்மியம் 75, பாதரசம் 60. வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் மொத்த ஈயமே 90 பி.பி.எம்.முக்குள், அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்குள், இருக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் இருந்து விதி இருக்கிறது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயின்டுக்கு அந்த விதி இல்லை. ஹார்டுவேர் கடையில் பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் கேட்டு வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கயிறு கட்டி இழுக்கும் பொம்மை என்றால் கயிற்றின் நீளத்துக்கும் வரம்பு உண்டு, கழுத்தில் சுற்றும் அளவுக்கு வைக்காதீர்கள்.

எல்லாப் பொம்மையிலும் என் பெயர், ஊர், போன் எண், தைத்த மாதம், லாட் எண் போட்ட துணி லேபிளைத் தையலுக்குள் வைத்துத் தைத்துவிடுகிறேன். எந்த லாட்டில் எந்தத் துணி, எந்தப் பஞ்சு, யார் தைத்தது என்பது நோட்டில் இருக்கும். ஒரு தாய் கூப்பிட்டு, "கை பிரிஞ்சிருச்சுங்க" என்றால், அதே லாட்டில் வாங்கிய மற்றவர்களுக்கு அன்றைக்கே நான் போன் செய்ய முடியும். கண்காட்சிக்குப் போகும்போது அட்டையின் நகல், உத்யம் சான்று, சோதனை அறிக்கை மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு மேசை மேலேயே வைத்துவிடுவேன். அதிகாரி கேட்கிறாரோ இல்லையோ, வாங்க வருகிற அம்மாக்கள் புரட்டிப் பார்க்கிறார்கள். கேள்வியும் கேட்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது.

வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல் புதிய பொதுப் பொருள் பாதுகாப்பு விதி வந்திருக்கிறது. அங்கே விற்கும் பொருளுக்கு அந்த நாடுகளுக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பொம்மைக்கு அதற்கும் மேல் தனியாக, ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. குறி வேண்டும். ஜெர்மனியில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு எழுத்துப் பொம்மைகள் கேட்டார்கள். ஆசையாக இருந்தது. சோதனையும் ஆவணமும் இல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை, வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

இப்போது நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம். ஆளாளுக்குத் துணி தேடாமல் ஒரே கம்பெனியில் ஒரே சாய லாட் துணி, ஒரே பஞ்சு, ஒரே நூலாகச் சேர்த்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். அதில் தைத்த மாதிரியை எக்ஸ்போர்ட்காரர்கள் போகும் ஒரு தனியார் ஆய்வகத்தில் ஒரே முறை சோதிக்கக் கொடுத்து, செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். இது உரிமத்துக்கு மாற்று இல்லை. ஆனால் தனியாக ஒருவரால் கட்டவே முடியாத தொகை, சேரும்போது ஒரு தீபாவளிச் சீட்டுத் தவணை அளவுக்கு இறங்கிவிடுகிறது. அரசு இதையே ஊர்தோறும் பொதுச் சோதனை மையமாக வைத்து, குழுவாக வருகிறவர்களுக்குக் குழுவாகவே உரிமம் தந்தால் அந்தக் கடைக்கார அண்ணனும் பயமில்லாமல் வாங்கி வைப்பார். பி.ஐ.எஸ்.ஸுக்குக் கோயம்புத்தூரில் கிளை அலுவலகம் இருக்கிறது. எங்கள் கோரிக்கையைத் தமிழிலேயே எழுதி, அட்டை நகல்களையும் சோதனை அறிக்கையையும் இணைத்து அங்கே கொடுக்கப்போகிறோம். பொம்மை தைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அதில் கையெழுத்துப் போடலாம், அட்டை இல்லாதவர்களும்.